கணிப்பொறிக்குள் ஒரு தென்னை

மரம் என்றால் என்ன என்று நான் கேட்டால் நண்பர்கள் நகைப்பார்கள். வேர் உண்டு, அடிமரம் உண்டு, கிளை உண்டு, இலை உண்டு. வெயிலில் வந்தவன் அடியில் ஒதுங்கினால் சுகம் உண்டு. இதற்குமேல் விளக்கம் எதற்கு? நமக்கு வேண்டாம். ஆனால் கணிப்பொறிக்கு வேண்டும்.

நகரத்தின் வெப்பத்தைக் கணக்கிடும் மென்பொருள்கள் இன்று பல உள்ளன. ஒரு தெருவின் வீடுகள், சாலை, மண், மரங்கள், காற்று, கதிரவன் நிற்கும் இடம் ஆகியவற்றைக் கொடுத்தால், எந்த மணிக்கு எந்த மூலையில் நிற்பவன் எவ்வளவு வாடுவான் என்பதை அவை வண்ணப் படமாக வரைந்து தருகின்றன. சிவப்பு என்றால் கொடுமை; நீலம் என்றால் நிம்மதி. எந்தச் சாலையில் மரம் நடுவது, எங்கே நிழற்குடை அமைப்பது என்பதை இத்தகைய படங்களை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு பேசும் காலம் வந்துவிட்டது. அந்தப் படத்துக்குள் மரம் எவ்வாறு புகுகிறது என்பதை நாமும் அறிந்திருக்க வேண்டும். படம் அழகாக இருப்பதனாலேயே உண்மையாகிவிடாது அன்றோ?

நான் கட்டட அமைப்பியல் பயிலும் மாணவன். சென்ற வேனிலில் வைப்பின் தீவின் ஒரு சிறு பகுதிக்கு இப்படியொரு படம் வரைந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நம்மில் பலருக்கு வைப்பின் என்றால் ஃபோர்ட் கொச்சியிலிருந்து ஜங்காரில் ஏறினால் வரும் எதிர்க்கரை. அல்லது செராய்க் கடற்கரைக்குப் போகும் வழி. கடல் கொண்டுவந்து 'வைத்த' நிலம் என்பதனால் வைப்பின் எனப் பெயர் வந்தது என்பர். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தோடு சேர்த்து அதன் பிறப்பைச் சொல்வது மரபு. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளம். அகலமோ மிகச் சிறிது. மேற்கே அரபிக் கடல், கிழக்கே காயல், நடுவே மக்கள் நெருக்கம். 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்டு எறணாகுளத்தோடு சாலைத் தொடர்பு ஏற்பட்டபின் அந்த நெருக்கம் இன்னும் மிகுந்துவிட்டது. இத்தனைக்கும் மேலே குடை பிடித்தாற்போல் நிற்பது தென்னை. அந்தக் குடை எப்படிப்பட்ட குடை என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

மரம் மூன்று வழிகளில் வெப்பத்தோடு தொடர்புகொள்கிறது. வெயிலை மறிக்கிறது, இலைத்துளைகளின் வழியே நீரை ஆவியாக்குகிறது, காற்றைத் தடுக்கிறது. முதல் இரண்டும் நமக்கு நன்மை. மூன்றாவது இடத்துக்கேற்ப நன்மையும் ஆகும், தீமையும் ஆகும்.

ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் சொன்னால் மூன்றில் இரண்டு யூனிட். அவ்வளவு வெப்பத்தையும் இலையும் சுற்றியுள்ள காற்றுமே கொடுத்தாக வேண்டும். மதுரையிலோ திருச்சியிலோ வேனிற்காலத்து வறண்ட காற்றில் இது பெருந்துணை. வைப்பினிலோ காற்று ஏற்கெனவே ஈரம் சுமந்து நிற்கிறது. ஈரத் துணி எளிதில் உலராத ஊரில் இலையும் எளிதில் நீரை விடாது. விட்டாலும் அந்த ஈரம் நம் வியர்வை உலர்வதற்கு இடையூறாகும். ஆகவே இத்தீவில் மரத்தின் முதற்பணி நிழல். அதற்கு அடுத்தது காற்றுக்கு வழிவிடுதல்.

நிழலின் பெருமையைக் காற்றின் வெப்பநிலையால் மட்டும் அளக்க முடியாது. நிழலிலும் வெயிலிலும் காற்றின் வெப்பநிலை ஒன்றிரண்டு டிகிரிதான் வேறுபடும். ஆனால் உடல் உணர்வது வேறு. கதிரவனிடமிருந்தும் சுட்ட தார்ச்சாலையிடமிருந்தும் சுவரிடமிருந்தும் உடம்பின்மேல் வந்து விழும் கதிர்வீச்சையெல்லாம் கூட்டி ஒரே வெப்பநிலையாகச் சொல்வதற்குச் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை என்று பெயர். திறந்த வெயிலில் அது காற்றைவிட 20, 30 டிகிரிகூட உயர்ந்துவிடும். கொழும்பு நம் கொச்சியைப் போன்ற ஈரக் கடற்கரை நகரம். அங்கே இம்மானுவேல், ரோசன்லுண்ட், யோஹான்சன் ஆகிய மூவர் 2007இல் வெளியிட்ட ஆய்வும் தெருவில் நிழலை மிகுவிப்பதே உடல் உணரும் வெப்பத்தைத் தணிக்கும் நல்ல வழி என்று காட்டியது. அவர்கள் பேசியது பெரும்பாலும் கட்டடங்களின் நிழல்பற்றி. மர நிழல் கட்டட நிழலைவிடச் சிக்கலானது. சுவர் ஒளியை விடாது. இலையோ கொஞ்சம் விடும். எவ்வளவு விடும் என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது.

இலைகளை எண்ணிக்கொண்டிருக்க யாராலும் இயலாது. ஆகவே விஞ்ஞானிகள் ஓர் எளிய அளவை வகுத்தார்கள். ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேலே உள்ள இலைகளையெல்லாம் பறித்துத் தரையில் விரித்தால் எத்தனை சதுர மீட்டர் வரும்? அதுவே இலைப்பரப்புக் குறியீடு. மூன்று வந்தால் அத்தரைக்கு மேலே மூன்று அடுக்கு இலை இருப்பதாகப் பொருள். ஒளி இந்த அடுக்குகளின் ஊடே இறங்கும்போது ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு பங்கை இழக்கிறது. கலங்கிய நீரில் ஆழம் செல்லச் செல்ல ஒளி மங்குவது போன்ற கணக்கே இது. இதனைத் தாவரங்களுக்குப் பொருத்திக் காட்டியவர்கள் மோன்சி, சயெக்கி என்னும் இரு ஜப்பானிய அறிஞர்கள், ஆண்டு 1953. இலைகள் சாய்ந்திருக்கும் வகையைப் பொறுத்து ஓர் எண் இக்கணக்கில் வரும்; அதனை 0.5 என்று கொண்டால், குறியீடு 1 ஆக உள்ள இடத்தில் 61 விழுக்காடு ஒளி தரைக்கு வரும். 2 என்றால் 37 விழுக்காடு. 3 என்றால் 22. 5 என்றால் 8. வெறும் 3 விழுக்காடு ஒளிதான் கீழே வருகிறது என்றால் மேலே ஏழு அடுக்கு இலை இருந்தாக வேண்டும்.

இந்த 3 விழுக்காட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

சோல்வெய்க் என்று ஒரு மென்பொருள். சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரத்தில் லிண்ட்பெர்க் என்பவரும் உடனிருந்தோரும் உருவாக்கி 2008இல் வெளியிட்டார்கள். 2011இல் அதில் மரங்களைச் சேர்த்தார்கள். இப்போது க்யூ-ஜி-ஐ-எஸ் என்னும் இலவச நிலப்பட மென்பொருளோடு இணைத்து எவரும் பயன்படுத்தலாம். காசில்லாமல் கிடைப்பதனால் நம் நாட்டு மாணவர்க்கு மிகவும் ஏற்றது. நானும் அதைத்தான் எடுத்துக்கொண்டேன். அதில் மரம் என்பது இரண்டு உயரங்களும் ஒரு விழுக்காடும்தான். மரத்தின் உச்சி எவ்வளவு உயரம்? இலையில்லாத அடிமரம் எவ்வளவு உயரம் வரை? இலைத்தொகுதி எவ்வளவு ஒளியைக் கீழே விடும்? அவ்வளவே. நம்மிடம் விவரம் இல்லையென்றால் மென்பொருள் தானே இரண்டு எண்களை நிரப்பிக்கொள்ளும். அடிமரம், மொத்த உயரத்தில் 25 விழுக்காடு. ஒளி ஊடுருவல், 3 விழுக்காடு.

இவை பொறுப்பற்று இட்ட எண்கள் அல்ல. 2014இல் கோத்தன்பர்க் வீதி மரங்களை அளந்து பார்த்த ஆய்வில், இலை நிறைந்த மரங்கள் நேர் வெயிலில் ஒன்று முதல் ஐந்து விழுக்காடு வரைதான் கீழே விடுகின்றன என்று தெரிந்தது. அந்த ஊருக்கு 3 என்பது நேர்மையான எண். தாழ்ந்த கிளை, அடர்ந்த இலை, உருண்டை வடிவம் என நிற்கும் மரத்துக்கு 25 என்பதும் பொருத்தமே. வைப்பினுக்கு வந்து தென்னையின் தலையில் இவற்றை ஏற்றினால் என்ன ஆகும்?

15 மீட்டர் உயரமுள்ள ஒரு தென்னையை எடுத்துக்கொள்வோம். மென்பொருளின் கணக்கில் அதற்கு நாலு மீட்டருக்கும் குறைவான அடிமரம். அதற்குமேல் பதினோரு மீட்டர் தடிமனுக்கு ஏழடுக்கு இலை. உண்மையில் அதன் உயரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெறும் மரம். உச்சியில் முப்பது நாற்பது மட்டைகள். ஒவ்வொரு மட்டையிலும் இருநூற்றுக்கு மேற்பட்ட கீற்றுகள். கீற்றுக்குக் கீற்று இடைவெளி. அடிமரத்துக்கும் இலைத்தொகுதிக்கும் உள்ள விகிதம் தலைகீழாகிவிட்டது! கணிப்பொறிக்குள் நிற்பது தென்னையன்று. தென்னையின் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட ஒரு சுவீடன் மரம்.

இதனால் விளைவதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். தெளிந்த வானத்து உச்சி வெயில் தரையின் ஒரு சதுர மீட்டரில் 900 வாட் என்று வைத்துக்கொண்டால், 3 விழுக்காடு என்பது 27 வாட். முதிர்ந்த தென்னந்தோப்பின் இலைப்பரப்புக் குறியீட்டை 2 அல்லது 3 எனக் கொண்டால் கீழே வருவது 200 முதல் 330 வாட் வரை. படத்தில் நீலமாகத் தெரியும் அவ்விடத்தில் உண்மையில் அதைப்போல் ஏழு முதல் பன்னிரண்டு மடங்கு ஒளி விழுகிறது. மட்டைகள் உச்சியிலேயே கொத்தாக நிற்பதனால் கொத்துக்கும் கொத்துக்கும் இடையே வெயில் தடையின்றி இறங்கும். சீராகக் கலந்த இலைகளுக்கு வகுத்த 1953ஆம் ஆண்டுக் கணக்கு இங்கே நிழலை மிகுத்தே காட்டும்.

நிழல் விழும் இடமும் மாறிவிடுகிறது. வைப்பின் பத்தாம் அட்சரேகையை ஒட்டி இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். அப்போது தென்னையின் நிழல் அதன் காலடியில். ஆனால் ஏப்ரலில் நம் கடிகாரத்தில் மூன்றரை மணி ஆவதற்குள் கதிரவன் 45 டிகிரிக்கு இறங்கிவிடுவான். 15 மீட்டர் உயரத்திலுள்ள தலையின் நிழல் 15 மீட்டர் கிழக்கே போய் அடுத்த வீட்டு முற்றத்தில் விழும். நட்டவனுக்கு வெயில், அயலானுக்கு நிழல்! மென்பொருள் மரத்துக்கோ நாலு மீட்டரிலிருந்தே இலை இருப்பதால், மரத்தடியிலிருந்து அயலான் முற்றம் வரை ஒரே கரு நிழலாகக் காட்டிவிடும்.

இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்கலாம். வேனிற்காலத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழில் துறை ஆண்டுதோறும் ஆணையிடுகிறது. வெயில் இங்கே வெறும் அசௌகரியமன்று; உடல்நலத்தைக் கெடுப்பது. மீன்கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும் பெண், சாலையோரம் வலை பழுது பார்க்கும் கிழவர் ஆகியோர் எந்த ஆணைக்குள்ளும் அடங்குவதில்லை. தென்னை வரிசை உள்ள சாலையைப் படம் நீலமாகக் காட்டினால், 'இங்கே நிழல் போதும்' என்று எழுதிவிட்டு நிழற்குடைக்கான பணத்தை வேறு சாலைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தப் பெண் அங்கேயே வெயிலில் நிற்பாள். கோப்பில் மட்டும் அவள் நிழலில் இருப்பாள்.

நிற்க. தென்னையை ஒரேயடியாகக் குறை சொல்வதும் முறையன்று. சோல்வெய்க் காற்றோட்டத்தைக் கணக்கிடுவதில்லை. காற்றையும் சேர்த்துப் பார்த்தால் தென்னையின் சிறப்பு வெளிப்படுகிறது. மரங்களுக்கிடையே வீசும் காற்றை இலைகள் பிடித்து இழுத்து மெதுவாக்குகின்றன. இலை அடர்த்தி மிக மிக இந்த இழுப்பும் மிகும். தென்னை இலையை உச்சியில் வைத்துக்கொண்டு, மனிதன் நடமாடும் உயரத்தில் கால்களை மட்டும் ஊன்றி நிற்கிறது. பிற்பகலில் மேற்கேயிருந்து வரும் கடற்காற்று அந்தக் கால்களின் இடையே தாராளமாகப் புகுந்து காயல்வரை போகிறது. ஈரக் காற்றுள்ள ஊரில் வியர்வையை உலர்த்த இதைவிட வேறு துணை இல்லை. தென்னையின் நிழல் குறைவென்று கண்டு, அதை நீக்கிவிட்டுக் கடற்காற்றுக்குக் குறுக்கே தாழ்ந்த அடர்மரங்களை வரிசையாக வைத்தால் நிழல் வரும், காற்று போகும். இரண்டில் எதை எங்கே விட்டுக்கொடுப்பது என்பதற்கு விடை காணவே மென்பொருள் வேண்டியிருக்கிறது. தவறான தென்னையை அதனுள் நட்டுவிட்டால் நிழலையும் தவறாகச் சொல்லும், காற்றையும் தவறாகச் சொல்லும்.

இரண்டையும் ஒருங்கே கணக்கிடும் மென்பொருள்களுள் பெயர்பெற்றது என்வி-மெட். ஜெர்மானியராகிய மைக்கேல் புரூஸ என்பவர் உருவாக்கியது. இலை, நிலம், காற்று ஆகியவற்றின் உறவைப்பற்றி அவரும் ஃப்ளேர் என்பவரும் எழுதிய கட்டுரை 1998இல் வெளிவந்தது. அது தெருவைச் சிறு சிறு பெட்டிகளாகப் பிரித்துக்கொள்கிறது. எளிய முறையில் மரத்தைக் கொடுக்கும்போது அதன் உயரத்தைப் பத்துப் பங்காக்கி, ஒவ்வொரு பங்கிலும் ஒரு கன மீட்டருக்கு எத்தனை சதுர மீட்டர் இலை என்று பத்து எண்களைக் கேட்கும். தென்னைக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! கீழேயுள்ள ஏழு பங்குக்கும் சுழியம். மேலேயுள்ள மூன்றுக்கு மட்டும் எண். வைப்பின் வீட்டு வளவுகளில் தென்னையின் கீழே மா, பலா, அதன் கீழே வாழை என்று அடுக்கடுக்காக நிற்கும். சோல்வெய்க்கில் ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம், படம் முழுவதற்கும் ஒரே ஒளி விழுக்காடு. ஆகவே தென்னையும் பலாவும் ஒரே விழுக்காட்டில் அடைபடும். என்வி-மெட்டில் ஒவ்வொரு மரவகைக்கும் தனிப் பத்து எண்கள் கொடுக்கலாம். ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். ஒரு சிறு தெருவுக்கு ஒரு பகலைக் கணக்கிட்டு முடிக்க என் கணிப்பொறி ஓர் இரவு முழுவதும் முனகிக்கொண்டிருந்தது.

பத்து எண்களிலும் அடங்காத மரங்களும் உண்டு. எதிர்க்கரையில் ஃபோர்ட் கொச்சியின் பழைய வீதிகளுக்குப் பந்தல் போட்டு நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தைப் பாருங்கள். அந்தி சாய்ந்தால் இலைகளை மடித்துக்கொள்கிறது. வானம் கறுத்தாலும் மடித்துக்கொள்கிறது. பகலில் வெயிலை மறித்த அதே மரம், இரவில் தரையின் வெப்பம் வானத்துக்குப் போக வழி திறந்துவிடுகிறது. ஒருமுறை கொடுத்த இலையடர்த்தியைப் பகலுக்கும் இரவுக்கும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளும் கணக்கில் இந்த நுட்பத்துக்கு இடமில்லை. புதுவைப்பின் பக்கத்துக் கண்டற்காடுகளும் வேறொரு வகைச் சிக்கல். அவற்றின் வேர் நிற்பது ஏறி இறங்கும் உப்புநீரில். மென்பொருள் கேட்பதோ மண்ணின் ஈரம்.

மரங்களை ஒவ்வொன்றாக அளப்பானேன், வானத்திலிருந்து படமெடுத்தால் போதாதோ என்றும் சிலர் எண்ணுவர். சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள்களின் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அந்தப் புள்ளி எவ்வளவு பச்சை என்று அது நன்றாகவே சொல்லும். ஆனால் பச்சை என்பது வேறு, நிழல் என்பது வேறு. தென்னந்தோப்பும் கண்டலும் பொக்காளி நெல் வயலும் மேலிருந்து பச்சைதான். நெல் வயலில் குடை பிடித்துத்தான் நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, தென்னைக்கடியில் மறைந்த வீடுகளை வானத்துக் கண் காண்பதில்லை. ஸ்டூவர்ட், ஓக் என்னும் இருவர் 2012இல் நகர நிலங்களையெல்லாம் 17 தட்பவெப்ப வகைகளாகப் பிரித்தார்கள். கட்டடம் உள்ளவை 10, வெறும் நிலமும் மரமும் நீரும் உள்ளவை 7. கூரையெல்லாம் தென்னைக்கடியில் ஒளிந்துகொள்ளும் ஊரை எதில் சேர்ப்பது? 2014இல் கொச்சியின் வெப்பத்தை ஆராய்ந்தவர்கள் அந்த வகைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் திருத்தி அமைத்துப் பயன்படுத்தியதில் வியப்பில்லை.

அப்படியானால் தென்னைக்கு உரிய எண்ணை எங்கே தேடுவது? இங்கிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் காசர்கோட்டில்! 1916இல் தென்னை ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, 1970 முதல் மத்தியத் தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமாக விளங்குவது அங்கேதான் இருக்கிறது. நெல்லியட், பாவப்பா, நாயர் ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, தென்னைக்கடியில் வேறு பயிர்களை அடுக்கடுக்காக விளைவிப்பது பற்றியது. ஊடுபயிர் வைப்பவனுக்கு முதலில் தெரிய வேண்டியது கீழே எவ்வளவு ஒளி வருகிறது என்பது. நட்டு எட்டு ஆண்டுவரை வெயில் நிறைய விழுகிறது. எட்டிலிருந்து இருபத்தைந்துவரை தோப்பு இருண்டிருக்கிறது. அதன்பின் மரம் உயர உயர ஒளி மீண்டும் தரைக்கு வருகிறது. மிளகும் கொக்கோவும் வைப்பதற்காகக் கண்ட இந்த உண்மையை நகர வெப்பம் கணக்கிடுவோர் இன்றே எடுத்தாளலாம். தென்னைக்கு ஒரே எண் போதாது, வயதுக்கு ஓர் எண் வேண்டும் என்பதும் இதனால் விளங்குகிறது. வைப்பினில் நான் நடந்த சாலையோரங்களில் பெரும்பாலும் உயர்ந்த முதிய மரங்களே நின்றன. வெயிலை மிகுதியாகக் கீழே விடும் பருவத்தவை.

பஸ் நிற்கும் இடங்களுக்கு மட்டுமாவது புன்னையும் பூவரசும் வைக்கலாம் என்பது என் கருத்து. நெய்தல் திணைப் பாடல்களில் தலைவனும் தலைவியும் சந்திக்கும் இடமாகப் புன்னை நிழல் வருவதை நம் மன்றத்தார் அறிவர். உப்புக் காற்றைத் தாங்கும், இலை தடிப்பு, நிழல் அடர்த்தி. தென்னை வரிசையின் நடுவே அங்கொன்று இங்கொன்றாக வைத்தால் கடற்காற்றின் வழியும் அடைபடாது. ஆனால் புன்னையின் பத்து எண்களையும் யாராவது அளந்தாக வேண்டும்.

அளப்பது கடினமன்று. மீன்கண் லென்சு பொருத்திய கேமராவைத் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில், வானத்தைப் பார்க்க, மட்டமாக வைத்துப் படமெடுக்க வேண்டும். வெயில் நேரம் ஆகாது. விடியலில் அல்லது கதிரவன் மறைந்தவுடன் எடுத்தால் வானம் வெளுப்பாகவும் இலை கறுப்பாகவும் பிரியும். வெளுப்பு எத்தனை விழுக்காடு என்று எண்ணிக் கொடுக்கும் இலவச மென்பொருள்கள் உள்ளன; அதிலிருந்து இலைப்பரப்புக் குறியீட்டைக் கணக்கிட்டுவிடலாம். ஒரே மரத்தடியில் நாலு இடத்திலாவது எடுக்க வேண்டும். இளந்தென்னை, நடுவயது, முதிர்ந்தது, புன்னை, பலா என்று ஐந்து வகைக்கும் எடுத்து முடிக்க நாலு பேருக்கு ஒரு வாரம் போதும். லென்சு ஒன்று என்னிடம் இருக்கிறது. வர விரும்புவோர் மே மாதத்துக்குள் சொல்லிவிடுவது நல்லது. ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் லென்சைத் துடைப்பதே வேலையாகிவிடும்.